ஏழாம் வரிசை

ஒரு தமிழச்சிக்குச் சீன இலக்கணத்தில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் சிங்கப்பூரில் குறைவு. தமயந்தியின் சொந்தச் சித்தப்பாவே தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார். "தமிழுக்கு ஏதாச்சும் பண்ணக் கூடாதாம்மா? அவங்க நூத்துநாப்பது கோடிப் பேரு. அவங்களுக்கு ஆள் இல்லையா என்ன?" அவள் சிரித்துக்கொண்டே முறுக்கைக் கடிப்பாள். பதில் சொல்லப்போனால் முறுக்கு நமுத்துவிடும், அவ்வளவு நீளம்.

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது ஊரில் உலவுகிற இயந்திரங்கள் கிடைத்த எழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டுக் குத்துமதிப்பாகப் பேசுபவை. தமயந்தி கட்டியது அந்த வகை இல்லை. விதி விதியாகக் கையால் எழுதிய கணினி இலக்கணம் அது. ஒரு சீன வாக்கியத்தை அதனிடம் கொடுத்தால், இது சீனர் வாயில் வரும் அல்லது வராது என்று காரணத்தோடு சொல்லும். ஆறு வருட உழைப்பு. கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லாரும் இந்த ஆறு வருடத்தில் களைத்துப்போய் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

பணம் கொடுத்தது துவாஸ் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு உறைபனி உணவு ஆலை. அங்கே எழுநூறு சீனத் தொழிலாளர்கள், பதினோரு மாகாணங்களிலிருந்து. எல்லாரும் சீனம்தான் பேசுகிறார்கள், ஆனால் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். சுவரில் எழுதிய எச்சரிக்கையை ஒருவன் ஒரு மாதிரி புரிந்துகொண்டு இயந்திரத்தில் கையை விட்டான், இரண்டு விரல் போயிற்று. எல்லாருக்கும் ஒரே மாதிரி புரிகிற எச்சரிக்கைகளை எழுதித் தர ஓர் இலக்கணம் வேண்டும் என்று ஆய்வு மையத்துக்கு வந்தார்கள். மையத்தின் தலைவர் அருள்தாஸ் அந்த வேலையைத் தமயந்தியிடம் கொடுத்தார். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்?

ஆலையின் பயிற்சி அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் வேலை நடக்கும். ஒரு தொழிலாளி எதிரே உட்காருவார். தமயந்தி ஒரு வாக்கியத்தைப் படிப்பாள். அவர் "சொல்வோம்" என்பார், அல்லது "சொல்ல மாட்டோம்" என்பார். இரண்டே பதில். சிக்கல் எங்கே என்றால், ஒருவர் சொல்வோம் என்பதை இன்னொருவர் சொல்ல மாட்டோம் என்பார். மற்ற இலக்கணக்காரர்கள் அப்போது சிறுபான்மையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். தமயந்திக்கு அதற்கு மனம் வரவில்லை. தொடக்கப் பள்ளியில், அவள் வீட்டில் பேசிய தமிழிலேயே எழுதிய கட்டுரை முழுக்க ஆசிரியை சிவப்பு வட்டம் போட்டிருந்தார். அம்மா பேசுவது தப்பு என்று ஏழு வயதில் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள். அதனால் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தாள். ஆளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு அறுநூற்று நாற்பது சுவிட்ச். யார் பேசுவதும் தப்பில்லை. முப்பத்தோரு பேர் வந்து உட்கார்ந்தார்கள், முப்பத்தோரு வரிசை உண்டாயிற்று.

பெயர்களை அவள் கணினியில் ஏற்றவில்லை. ஆள் ஒன்று, ஆள் இரண்டு, அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து, "உங்க பேரு வெளிய போகாது, நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள்.

ஏழாம் ஆள் ஹான் சியூலான். ஷான்தோங் மாகாணத்துக்காரி, ஐம்பத்து மூன்று வயது, ஆலையில் பொட்டலம் கட்டுகிற பிரிவில் வேலை. கணவன் இல்லை. மகள் ஜிங்கை எட்டு வயதில் சிங்கப்பூர்ப் பள்ளியில் சேர்க்க வந்தவள், மகள் படித்து முடித்து அதே ஆலையில் தரப் பரிசோதகராகச் சேர்கிற வரைக்கும் இங்கேயே தங்கிவிட்டாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். தமயந்தி வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள், "இத யாரு சொல்வா? கிறுக்கு பிடிச்சவதான் சொல்வா! யாரு எழுதினது இத, நீயா?" என்பாள். முதல் மாதம் தமயந்தியை லாவ்ஷி என்று கூப்பிட்டாள். ஆசிரியர் என்று அர்த்தம். மூன்றாவது மாதம் அது மெய்மெய் ஆனது. தங்கச்சி. தமயந்திக்கு அவள் அக்கா. பேசிக்கொண்டது சீனத்தில், நான் தமிழில் சொல்கிறேன்.

அவளுக்குப் பின் வந்த இருபத்து நாலு பேரையும் கூட்டி வந்ததே சியூலான்தான். கடைசியாக, போன வருடம், ஜிங்கையும் இழுத்து வந்தாள். தமயந்தி கேட்டுக்கொண்டதுதான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை. அறுநூற்று நாற்பதில் அறுநூற்று இரண்டு ஒத்துப்போனது. "பார்த்தியா, பால் மட்டுமில்ல, பேச்சும் நான்தான் ஊட்டினேன்" என்று சியூலான் அன்றைக்குக் கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஜிங்குக்கு வெட்கம் தாங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

ஒரு புதன்கிழமை காலை அருள்தாஸ் தமயந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அருள்தாஸ் அவளுக்கு வெறும் தலைவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் மூத்தவர். அவள் அப்பா இறந்தபோது வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று எல்லாரும் திணறி நிற்க, மண்டாய் மயானத்தில் மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிக்குடம் சுமந்தவர். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன்.

"உக்காரும்மா. கோப்பி சொல்லவா?"

"வேணாம்ணே. என்ன விஷயம்?"

மேசையில் இரண்டு பக்கம் சீன எழுத்து அச்சடித்துக் கிடந்தது. "போன மாசம் ஆலைக் குளிர்கிடங்குல அமோனியா கசிஞ்சுச்சுல்ல? ரெண்டு பேரு மயங்கி விழுந்தாங்கள்ல? கதவ வெளிய இருந்து பூட்டி வச்சிருந்தாங்களாம். மேற்பார்வையாளருக்குத் தெரிஞ்சே நடந்துச்சுன்னு ஒரு ஆளு எழுதி, தலைமையகத்துல இருக்கிற இயக்குநருங்க மூனு பேருக்கும் அனுப்பியிருக்கான். பேரு போடல. ஆலைல வேலை செய்றவங்க யாரும் இதப் பார்க்கல, இப்படி ஒன்னு வந்திருக்குன்னு மட்டும் காத்துவாக்குல தெரியும்."

"நல்ல வேளை, எழுதினாங்களே!"

"அது இருக்கட்டும். யாரு எழுதினதுன்னு ஆலைக்குத் தெரியணுமாம். நம்ம இலக்கணம் சொல்லும்ல?"

தமயந்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டாள். "அண்ணே, அது ஆள் கண்டுபிடிக்கிற எந்திரம் இல்ல."

அருள்தாஸ் அவளுடைய ஆண்டறிக்கையை எடுத்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். "நீதானம்மா எழுதியிருக்க? எந்த ரெண்டு பேரோட வரிசையும் ஒத்துப்போகல, கைரேகை மாதிரி ஆளுக்கொன்னுன்னு."

பெருமையில் எழுதிய வரி அது. எழுதிய அன்று தனக்குத்தானே இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்ட வரி.

"அது ஆராய்ச்சிண்ணே! இவங்க சும்மா விடுவாங்களா எழுதினவங்கள? வேலை பெர்மிட்ட ரத்து பண்ணி விமானத்துல ஏத்திடுவாங்க. அதோட நம்மகிட்ட வரிசைதான் இருக்கு, பேரு கிடையாது."

அருள்தாஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நெறிமுறைக் குழுவுக்குக் கையெழுத்து வாங்கினோமே, சம்மதப் படிவம். அதுல நம்பரும் இருக்கு, பேரும் இருக்கு."

"அது ஒட்டின உறைக்குள்ள இருக்கு!"

"உறை மையத்தோடதும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "பதினாலு பேரு இங்க சம்பளம் வாங்குறோம். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம் இது. நான் என்ன பண்ண? நாலு மணிக்கு ஆலையிலேர்ந்து வராங்க. அவங்க முன்னாலயே ஓட்டிக் காட்டிடலாம்."

உறையை ஏற்கெனவே திறந்துவிட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திறந்தவர் யார்? மொட்டைத் தலையோடு அப்பாவின் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அதே ஆள். கடிதத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். கதவைச் சாத்தவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். தமயந்தி போகவில்லை. நாலு மணிக்கு அவர்கள் பார்க்கப்போவதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும் என்று கடிதத்தைத் தானே இயந்திரத்துக்குள் போட்டாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக்கூட அவள் முழுதாகப் படிக்கவில்லை, யார் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அரை நிமிடத்தில் விடை வந்தது.

ஆள் ஏழு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

அடிப்பாவி அக்கா! இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையா உன்னால்? கூடவே ஒரு ஓரத்தில் வலித்தது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, போன சனிக்கிழமைகூட எதிரே உட்கார்ந்து பேசிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் ஃபோனைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது ஆலையின் சட்டம். ஏழு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். நாலு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

அப்போதுதான் சம்மதப் படிவத்தின் கடைசிப் பத்தி நினைவுக்கு வந்தது. பேசியவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், விலகினால் அவருடைய பதிவு அழிக்கப்படும். திரையில் ஏழாம் வரிசையைத் தேர்ந்தெடுத்து விலகல் என்று அழுத்தினாள். பேசியவரின் விருப்பம் கேட்டறியப்பட்டதா என்று இயந்திரம் கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். நாலு வருடச் சனிக்கிழமைகள் ஒரு நொடியில் போயின. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலு மணிக்கு ஆலையின் மனிதவள மேலாளர் குவெக் வந்தார். மெலிந்த மனிதர், மரியாதையானவர், வந்ததும் எல்லாருக்கும் கை கொடுத்தார். அருள்தாஸ் கடிதத்தை ஏற்றினார். தமயந்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனி என்ன வரும், ஒன்றும் பொருந்தவில்லை என்று வரும் என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு வருடம் கட்டியவளுக்குத் தான் கட்டியது எப்படி வேலை செய்யும் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது.

ஆள் முப்பத்தொன்று. நூற்றுக்கு எண்பத்தெட்டு.

அருள்தாஸ் படிவக் கட்டைப் புரட்டினார். "ஹான் ஜிங்" என்றார்.

"இல்ல!" தமயந்தி எழுந்துவிட்டாள். "அந்தப் பொண்ணு இல்ல. சார், தயவுசெஞ்சு கேளுங்க. இந்த எந்திரத்துக்குத் தெரியலன்னு சொல்லத் தெரியாது. இருக்கிற வரிசையில எது கிட்ட இருக்கோ அதத்தான் காட்டும். எழுதினவங்க இந்த வரிசைக்குள்ளேயே இல்லன்னாகூட யாரோ ஒருத்தரக் காட்டும். அறிக்கையிலயே எழுதியிருக்கேன்!"

குவெக் அறிக்கையைப் புரட்டினார். "எந்தப் பக்கம்?"

அவள் வாங்கிப் பார்த்தாள். அந்தப் பத்தி இல்லை. அருள்தாஸைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படிக்கிறவங்க குழம்புவாங்கன்னு எடுத்துட்டேன்மா" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் குவெக்கிடம், "ஆராய்ச்சிக்காரங்க இப்படித்தான் சார், எதையும் உறுதியாச் சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தார்.

குவெக் தன்மையாகத்தான் கேட்டார். "அந்தப் பெண் இல்லை என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்களே, வேறு யார் என்று உங்களுக்குத் தெரியுமா, மேடம்?"

மகளைக் காப்பாற்ற வாயைத் திறந்தால் தாய் போவாள். தமயந்தி உட்கார்ந்துவிட்டாள். குவெக் பெயரைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஜிங்கை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பெர்மிட்டை ரத்துசெய்யச் சொல்லி மனிதவள அமைச்சுக்குக் கடிதம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போகும் என்றார்கள். அவளுடைய நிரந்தரவாச விண்ணப்பம் ஒன்பது மாதமாகப் பரிசீலனையில் இருந்தது. இந்த ஒரு கடிதம் போனால் அதுவும் போச்சு. எட்டு வயதில் வந்தவள், இருபத்து நாலு வயதில் தெரியாத ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். தமயந்தி அன்றே இயந்திரத்தை நம்பாதீர்கள் என்று ஆலைக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினாள். பதில் அருள்தாஸிடமிருந்து வந்தது. திங்கள் காலை ஒன்பது மணியோடு அவளுக்கு இலக்கணத்தில் நுழைய அனுமதி இல்லையாம். கீழே, உடம்பைப் பார்த்துக்கொள் தங்கச்சி, என்று வேறு போட்டிருந்தார். தங்கச்சியாம்! அவள் அன்றைக்கு அழுத அழுகை அவள் அப்பாவுக்குக்கூட அழாதது.

சியூலானுக்கு ஃபோன் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் ஃபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சியூலானே வந்தாள். ஜூரோங் வெஸ்ட்டில் அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடியில் தமயந்தியின் வீடு ஒன்பதாம் மாடியில். எப்போது வந்தாலும் ஆவியில் வேகவைத்த ரொட்டி ஒரு பை நிறையக் கொண்டுவருவாள், வாசலிலிருந்தே சத்தம் போடுவாள். இன்றைக்குக் கை வெறுமையாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சொல்லாமல் உட்காரக் கூடாது என்பதுபோல நின்றாள்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"லாவ்ஷி, எம்மவ பேரு எப்படி வந்துச்சு?"

லாவ்ஷி! தமயந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. "எந்திரம் காட்டிடுச்சுக்கா."

"எந்திரம்னா யாரு? வானத்துலேர்ந்து விழுந்துச்சா? நீதானே பெத்த. பேரு வெளிய போகாதுன்னு என் கையப் புடிச்சு யாரு சொன்னா? நான் இருபத்து நாலு பேரக் கூட்டியாந்தேன் உங்கிட்ட. இப்ப ஒருத்தன் என் முகத்தப் பார்க்க மாட்டேங்குறான். உளவு பாக்கத்தான் கூட்டிட்டுப் போனியான்னு கேக்குறான்."

தமயந்தி ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சியூலான் இப்போதுதான் உட்கார்ந்தாள், நாற்காலியின் நுனியில். "வெள்ளிக்கிழமை அந்த மேலாளர்கிட்டப் போனேன். நான்தான் எழுதினேன், எம்மவ இல்லன்னேன். சிரிக்கிறான் அவன். அம்மா மனசு புரியுது, டீ குடிச்சிட்டுப் போங்கன்னான். எந்திரத்த ஓட்டிப் பார்த்தாச்சு, உங்க பேரே அதுல வரலையேன்னான். நாலு வருஷம் உங்கிட்ட உக்காந்து வாய் வலிக்கப் பேசினேன். என் பேரு எங்க போச்சு?"

"நான்தான் எடுத்தேன்." "அவங்க வரதுக்கு முன்னால நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன்கா. உங்க பேருதான் வந்துச்சு. உங்களக் காப்பாத்தணும்னு வரிசைய அழிச்சுட்டேன். நீங்க போனதும் உங்களுக்குக் கிட்டத்துல இருக்கிற ஜிங்கக் காட்டிடுச்சு. நான் அத யோசிக்கவே இல்ல."

"என் பேரு வந்துச்சா?"

"ஆமாக்கா."

சியூலான் அவளையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "யாரக் கேட்டு எடுத்த?"

"உங்களப் புடிக்க முடியல. ஃபோன் பெட்டியில..." அவளுக்கும் ஆற்றாமை பொங்கியது. "நீங்க மட்டும் எங்கிட்டச் சொன்னீங்களா? இப்படி எழுதப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்னவாச்சும் பண்ணியிருப்பேன்ல? தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டுட்டு..."

"ஓ. நான் சொல்லலன்னு உனக்குக் கோவமா?" சியூலான் சிரித்தாள். அதில் பழைய கேலியில் ஒரு துளிகூட இல்லை. "சரி, அது போகட்டும். இப்ப நீ போய் எந்திரம் தப்புன்னு சொன்னா விட்டுடுவாங்களா?"

"எழுதிப் பார்த்துட்டேன். கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு ஒரு பேரு வேணும். அது கையில இருக்கிற வரைக்கும் விட மாட்டாங்க. என்னைத் திரும்பப் போட்டா, மறுபடியும் என் பேரு வருமா?"

தமயந்தி தயங்கினாள். "வரும்."

"அப்பப் போடு."

"அக்கா, உங்கள அனுப்பிடுவாங்க!"

"அனுப்பட்டும். எனக்கு ஊருல ஒரு வீடு இருக்கு, ஒரு தம்பி இருக்கான். எங்க போனாலும் சோறு கிடைக்கும். அவளுக்கு இந்த ஊர விட்டா என்ன தெரியும்? போடு."

போடுவதென்றால் சும்மா இல்லை. அழித்த வரிசை அழித்ததுதான், அந்த விதியை எழுதியவளே தமயந்திதான். முதலிலிருந்து அறுநூற்று நாற்பது வாக்கியங்களையும் கேட்டாக வேண்டும். காலை ஒன்பதரைக்கு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தமயந்தி படித்தாள்.

"சொல்வோம்."

அடுத்தது.

"சொல்ல மாட்டோம்."

அடுத்தது. கிறுக்கு பிடிச்சவதான் சொல்வா என்று ஒரு முறைகூட வரவில்லை. யாரு எழுதினது, நீயா என்று கேட்கவில்லை. முன்பு ஒரு சனிக்கிழமைக்கு நாற்பது வாக்கியம் தேறினால் பெரிய விஷயம். பாதி நேரம் சிரிப்பிலேயே போகும். இன்றைக்கு மணிக்கு நூறு போயிற்று. நடுவில் தமயந்தி சோறு போட்டு வைத்தாள், சியூலான் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்தாள். விருந்தாளிகள் செய்வதுபோல நன்றி சொன்னாள். அந்த நன்றியைவிட அவள் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

தமயந்தி தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே படித்தாள். முடிவை நாளைக் காலை எட்டு மணிக்குக் குவெக்குக்கு அனுப்ப வேண்டும். வரிசையை நான்தான் அழித்தேன் என்று கூடவே ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை போகும், இனி எந்த மையமும் கூப்பிடாது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து மெய்மெய் என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் கூப்பிடவில்லை.

நாலரை மணிக்குக் கடைசி வாக்கியம் முடிந்தது. கடிதத்தை மறுபடியும் ஏற்றினாள். அரை நிமிடம்.

ஆள் ஏழு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

"வந்துச்சா?" என்றாள் சியூலான்.

"வந்துச்சு."

சியூலான் பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "காலையில எட்டு மணிக்கே அனுப்பிடு, மறந்துடாத. நானும் எட்டரைக்கு அந்த ஆளுகிட்டப் போயி நிப்பேன். சரி, இப்ப அந்தக் கடிதத்தப் படி."

"எந்தக் கடிதத்த?"

"நான் எழுதினேன்ல, அந்தக் கடிதத்ததான். நாளைக்கு அவன் ஏதாச்சும் கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல? அதுல என்ன எழுதியிருக்குன்னே எனக்குத் தெரியாது."

தமயந்தி கையிலிருந்த தாள்களை மேசையில் போட்டாள். "அக்கா... நீங்க எழுதலையா?"

"இல்ல."

"ஜிங்?"

"அவளும் இல்ல. கசிஞ்ச அன்னிக்கு அவ வேலைக்கே வரல, கடவாப்பல்லப் புடுங்கிட்டுப் படுத்துக் கெடந்தா. குளிர்கிடங்குக் கதவு எந்தப் பக்கம்னுகூட அவளுக்குத் தெரியாது. ஆலையில எழுநூறு பேரு இருக்காங்க லாவ்ஷி. உங்கிட்ட வந்தது முப்பத்தோரு பேரு. எழுதினவன் உங்கிட்ட வரவே இல்ல போல."

புதன்கிழமை இதையேதான் அவள் குவெக்கிடம் கத்தினாள். எழுதியவர் வரிசைக்குள்ளேயே இல்லாமல் இருக்கலாம் என்று. வாதத்துக்காகச் சொன்னாள். தான் சொன்னதைத் தானே நம்பவில்லை. அரை நிமிடத்தில் திரை ஒரு எண்ணைக் காட்டியது, அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"அப்ப காலையில... உங்க பேரு வந்துச்சுன்னு நான் சொன்னப்ப ஏன்கா ஒன்னும் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்னைத் திரும்பப் போட்டிருப்பியா? மாட்ட. அழுதுட்டு உக்காந்திருப்ப. நாளைக்குப் பத்து மணி ஆயிடும்." சியூலான் மேசையில் கிடந்த வாக்கியத் தாள்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி அடுக்கினாள். அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "நாலு வருஷமா என் வாயிலேர்ந்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக் கேட்டு எழுதின. நீ எழுதினியான்னு ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலையே. அத மட்டும் போயி எந்திரத்துக்கிட்டக் கேட்டியே."

தமயந்தி அவள் கையைப் பிடிக்கப்போனாள். சியூலான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"படி, லாவ்ஷி. ஏழு மணிக்கு எனக்குப் பஸ்."

தமயந்தி கடிதத்தை எடுத்தாள். நான்கு நாளாக அவள் கையில் இருந்த தாள், இன்னும் முழுதாகப் படிக்காத தாள். மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு, என்று தொடங்கினாள்.

"மெதுவா" என்றாள் சியூலான். "மனப்பாடம் பண்ணணும்."